கடை நேரம் சுருங்கினால் வரிசை நீளும்: பெங்களூரு பொது முடக்கம் சொல்லும் கணக்கு

கர்நாடகத்தில் கொரோனா பரவலைக் கட்டுப்படுத்த 2021 மே 10-ம் தேதி தொடங்கிய முழு முடக்கம், மே 24 முதல் ஜூன் 7-ம் தேதி காலை வரை நீட்டிக்கப்பட்டது. மளிகைப் பொருட்கள், இறைச்சி, மீன் உள்ளிட்டவற்றை வாங்கக் காலை 6 மணி முதல் 10 மணி வரையிலான 4 மணி நேரமே தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. பத்து மணிக்குப் பிறகு சாலைகள் வெறிச்சோடின. ஆனால், அதற்கு முந்தைய 4 மணி நேரத்தில் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளின் கடைத்தெருக்களில் இடைவெளி விட்டு நிற்பதே கடினமாக இருந்தது.

அந்தக் காட்சிகளைக் கண்டபோது, மக்களுக்குப் பொறுப்பில்லை என்ற குற்றச்சாட்டே முதலில் எழுந்தது. முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு வரிசையில் நின்றவர்களும், ஒரு கட்டுக் கீரைக்காக மூன்று தெரு தாண்டிச் சென்றவர்களும் இல்லாமல் இருக்கவில்லை. எனினும், அதுவரையிலான 14 மாதங்களில் இந்நகரம் கண்ட பல கட்ட முடக்கங்களை ஒருசேரப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படுகிறது. கூட்டம் சேர்வதற்கு மக்களின் மனப்போக்கைவிட உத்தரவு வகுக்கப்பட்ட முறையே பல நேரங்களில் காரணமாக இருந்துள்ளது.

அடுத்தடுத்து வந்த உத்தரவுகள்

இரண்டாம் அலையில் பெங்களூருவின் ஒருநாள் பாதிப்பு ஏப்ரல் 30-ம் தேதி 26,756 ஆக உயர்ந்தது. மாநில அளவில் மே 5-ம் தேதி ஒரே நாளில் 50,112 பேருக்குத் தொற்று உறுதியானது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் குடும்பங்கள் அலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு மாற்று வழி இருக்கவில்லை. மே மாத இறுதியில் நகரின் தினசரி பாதிப்பு 10 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அலுவலகங்கள், கூட்டங்கள், பொதுப் போக்குவரத்து ஆகியவை நின்றுபோனதற்கு இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

அதேநேரத்தில், அன்றாடத் தேவைக்காக வீட்டை விட்டு வெளியே வருவோருக்கான விதிகள் இரண்டே வாரங்களில் பலமுறை மாறின. ஏப்ரல் 27-ம் தேதி இரவு 9 மணிக்கு நடைமுறைக்கு வந்த முதல் உத்தரவு, கடைகளுக்குக் காலை 6 முதல் 10 மணி வரை அனுமதி அளித்தது. சில நாட்களிலேயே அது திருத்தப்பட்டு, தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரிகள், நந்தினி பால் நிலையங்கள், தோட்டக்கலைக் கூட்டுறவு அமைப்பான ஹாப்காம்ஸின் கடைகள் ஆகியவை மாலை 6 மணி வரை இயங்க வழி செய்யப்பட்டது. மே 7-ம் தேதி வெளியான அறிவிப்பு, பொருட்கள் வாங்க வாகனத்தில் செல்லக் கூடாது, அருகிலுள்ள கடைக்கு நடந்தே செல்ல வேண்டும் என்றது.

மே 10-ம் தேதி காலை அந்த விதி நடைமுறைக்கு வந்தபோது, பையுடன் வந்தவர்கள் மீது போலீசார் தடியால் தாக்கும் காட்சிகள் பரவின. ஏராளமான இருசக்கர வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. கண்டனங்கள் எழுந்த நிலையில், அருகிலுள்ள கடைக்குச் செல்ல வாகனத்தைப் பயன்படுத்தலாம், அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என அப்போதைய மாநிலக் காவல் துறைத் தலைவர் பிரவீன் சூட் விளக்கம் அளித்தார். பொதுமக்கள் மீது பலத்தைப் பயன்படுத்த வேண்டாம் எனக் காவலர்களுக்கும் அறிவுறுத்தப்பட்டது.

ஆக, காலையில் குற்றமாக இருந்த ஒரு செயல் அதே நாளில் அனுமதிக்கப்பட்ட செயலாக மாறியது. இடைப்பட்ட நேரத்தில் தடியடி பட்டவருக்கும், வண்டியைப் பறிகொடுத்தவருக்கும் அந்த விளக்கத்தால் பயன் இல்லை. 'அருகிலுள்ள கடை' என்றால் எத்தனை தொலைவு என்பதும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அதை முடிவு செய்யும் பொறுப்பு சந்திப்பில் நிற்கும் காவலரிடம் சென்று சேர்ந்தது.

வரிசையின் கணக்கு

நேரக் கட்டுப்பாடு கூட்டத்தை எப்படி உருவாக்குகிறது என்பதை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். ஒரு மளிகைக் கடையை நம்பி 280 வீடுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினமும் ஒருவர் கடைக்கு வருவதாகவும் வைத்துக்கொள்வோம். வழக்கமான நாட்களில் கடை 14 மணி நேரம் திறந்திருந்தால், மணிக்குச் சராசரியாக 20 பேர் வருவார்கள். ஒருவருக்குப் பொருள் கொடுத்துப் பணம் வாங்க 2 நிமிடம் ஆனால், மணிக்கு 30 பேரைக் கடைக்காரரால் கவனிக்க முடியும். பெரிய வரிசை உருவாக வாய்ப்பில்லை.

கடை 4 மணி நேரம் மட்டுமே திறக்கும்போது அதே 280 பேர் மணிக்கு 70 பேராக வருகிறார்கள். கடைக்காரரின் வேகமோ மாறவில்லை. நான்கு மணி நேரத்தில் அவரால் 120 பேருக்கு மட்டுமே பொருள் கொடுக்க முடியும். எஞ்சிய 160 பேர் வரிசையில் நெருக்கியடித்து நிற்பார்கள் அல்லது வேறு கடையைத் தேடிச் செல்வார்கள். பத்து மணி நெருங்க நெருங்கப் பதற்றம் கூடும். கடை வாசலில் சுண்ணாம்பில் வரையப்பட்ட வட்டங்களும் கட்டங்களும் பயனற்றுப் போவது அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான்.

இதற்கு அரசு சொன்ன தீர்வு, தினமும் வர வேண்டாம், சில நாட்களுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதாகும். கணக்கின்படி இது சரியே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 நாட்களுக்கு ஒருமுறை வந்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 93 பேர்தான் கடைக்கு வருவார்கள். கூடுதலாக வாங்குவதால் ஒருவருக்கு இரண்டரை நிமிடம் ஆனாலும், 4 மணி நேரத்தில் 96 பேரைக் கவனித்துவிடலாம். கூட்டம் இல்லாமலேயே வேலை முடிந்துவிடும்.

ஆனால், இந்தத் தீர்வு ஒரு நிபந்தனையின் மீது நிற்கிறது. மூன்று நாட்களுக்கான பொருளை ஒரே நாளில் வாங்கும் அளவுக்கு எல்லா வீடுகளிலும் பணம் இருக்க வேண்டும்.

கையில் இருக்கும் பணம்

பெங்களூருவின் கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பூ விற்பவர்கள், சுமை தூக்குவோர் ஆகியோரில் தமிழ்நாட்டிலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கணிசமானோர். அன்றைய கூலியில் அன்றைய அரிசி, கால் லிட்டர் எண்ணெய், நூறு கிராம் பருப்பு என வாங்கிச் சமைக்கும் வழக்கம் இவர்களிடம் சிக்கனத்துக்காக உருவானதல்ல. கையில் பணம் அப்படித்தான் வருகிறது. ஓர் அறை கொண்ட வாடகை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதபோது பாலையும் காய்கறியையும் சேமித்துவைக்கவும் முடியாது. முடக்கத்தால் கூலியும் நின்றுபோன நிலையில், கடனுக்குக் கொடுக்கும் பழக்கமான கடை எங்கிருந்ததோ அங்கேதான் அவர்கள் செல்ல வேண்டியிருந்தது. அது வீட்டுக்கு அருகில் இருக்கும் கடையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

மறுபுறம், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்தவருக்கு 4 மணி நேரக் கட்டுப்பாடு பெரிய தடையாக இருக்கவில்லை. வீட்டுக்கே பொருட்களைக் கொண்டுவந்து கொடுக்க நாள் முழுவதும் அனுமதி இருந்தது. பிக்பாஸ்கெட், டன்சோ போன்ற பெங்களூரு நிறுவனங்களின் செயலிகள் அவருடைய கைப்பேசியில் இருந்தன. இணைய வழியில் பணம் செலுத்தவும் மாதத் தேவையை ஒரே முறையில் வாங்கவும் அவரால் இயன்றது. அவர் வீட்டில் இருப்பதற்காகப் பொருட்களைச் சுமந்துகொண்டு இன்னோர் இளைஞர் நகரைச் சுற்றி வந்தார். கடைத்தெருவில் காணப்பட்ட ஒழுங்கின்மைக்கும் குடியிருப்பு வளாகத்தில் காணப்பட்ட ஒழுங்குக்கும் இடையிலான வேறுபாடு, குணத்தால் வந்தது என்பதைவிட வசதியால் வந்தது என்பதே பொருத்தம்.

இந்த இடத்தில்தான் நிவாரணத் தொகை தொற்றுத் தடுப்பு நடவடிக்கையாகவும் மாறுகிறது. அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா 2021 மே 19-ம் தேதி 1,250 கோடி ரூபாய் மதிப்பிலான நிவாரணத்தை அறிவித்தார். ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் தலா 3,000 ரூபாய், சாலையோர வியாபாரிகளுக்குத் தலா 2,000 ரூபாய் என அதில் ஒதுக்கப்பட்டது. 2020 மே 6-ம் தேதி அறிவிக்கப்பட்ட 1,610 கோடி ரூபாய் தொகுப்பில் ஓட்டுநர்கள், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர்களுக்குத் தலா 5,000 ரூபாய் வழங்கப்படும் என்று கூறப்பட்டிருந்தது.

இரண்டு ஆண்டுகளிலும் முடக்கம் முதலில் வந்தது, நிவாரண அறிவிப்பு பின்னர் வந்தது. 2021-ல் கடைகள் அடைக்கப்பட்டு 22 நாட்கள் கழிந்த பிறகே அறிவிப்பு வெளியானது. மத்திய அரசு மே, ஜூன் மாதங்களுக்கு ஒருவருக்கு 5 கிலோ உணவு தானியத்தை இலவசமாக அறிவித்தது. ஆனால், அரிசியோடு சேர எண்ணெய்யும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பதால் கடைக்கான பயணம் நிற்கவில்லை. முடக்கத்துக்கு முன்பே அந்தத் தொகை கைக்கு வந்திருந்தால், ஒரு வாரப் பொருளை ஒரே முறையில் வாங்கியிருக்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020-ல் கண்டவை

கால அவகாசம் குறையும்போது கூட்டம் கூடும் என்பதற்கு 2020-லேயே போதிய சான்றுகள் கிடைத்துவிட்டன. 2020 மார்ச் 24-ம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி நாட்டு மக்களிடையே உரையாற்றி, நள்ளிரவு முதல் 21 நாள் முடக்கம் என அறிவித்தார். அந்த இரவே நாட்டின் பல நகரங்களில் மக்கள் மளிகைக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் விரைந்தனர்.

சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய நாளில் கடைகளிலும் கோயம்பேடு சந்தையிலும் பெருங்கூட்டம் திரண்டது. கோயம்பேடு பின்னர் பெரும் தொற்றுத் தொகுப்பாக மாறி, மே 5-ம் தேதி மூடப்பட்டது. காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. பெங்களூருவிலும் கலாசிப்பாளையத்தின் காய்கறி மொத்த வணிகம் நகருக்கு வெளியே சிங்கேன அக்ரகாரத்துக்கு அனுப்பப்பட்டது.

மதுக்கடைகளின் கதையும் இதையே சொல்கிறது. நாற்பது நாட்களுக்குப் பிறகு 2020 மே 4-ம் தேதி கர்நாடகத்தில் மதுக்கடைகள் திறக்கப்பட்டபோது முதல் நாளில் 45 கோடி ரூபாய்க்கும், மறுநாளில் 197 கோடி ரூபாய்க்கும் விற்பனையானது. மீண்டும் மூடிவிடுவார்களோ என்ற அச்சமும் அந்த வரிசைகளில் நின்றது. இதே அச்சம் அரிசிக்கும் பாலுக்கும் வரும்போது அதைக் குடிப்பழக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

நேரக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் மறக்க இயலாது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்துவைத்திருந்ததாகக் கூறிக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டதாக எழுந்த புகார்களுக்கிடையே அடுத்தடுத்து உயிரிழந்தனர். அந்த வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடையை அடைக்கும் நேரம் என்பது நிர்வாகம் சார்ந்த சிறு விஷயம் அல்ல என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

தள்ளுவண்டி காட்டும் வழி

2021-ம் ஆண்டின் கட்டுப்பாடுகளில் பெரிய சலசலப்பு இல்லாமல் நடந்த ஏற்பாடு ஒன்று உண்டு. காலை 6 முதல் மாலை 6 மணி வரை 12 மணி நேரம் தெருத்தெருவாகச் சென்ற காய்கறித் தள்ளுவண்டிகளே அவை. வண்டி வீட்டு வாசலுக்கே வந்ததால் வாகனம் தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் நான்கைந்து பேருக்கு மேல் கூடவில்லை. பத்து மணிக்குள் வாங்கியாக வேண்டும் என்ற பதற்றமும் இருக்கவில்லை. அனைத்துக்கும் மேலாக, வியாபாரம் திறந்தவெளியில் நடந்தது.

மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே 20-ம் தேதி வெளியிட்ட அறிவுரையையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவரிடமிருந்து வெளிப்படும் நீர்த்திவலைகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன என்றும், நுண்துகள்கள் காற்றில் 10 மீட்டர் வரை செல்லக்கூடும் என்றும் கூறும் அந்த அறிவுரை, காற்றோட்டத்தின் தேவையை வலியுறுத்துகிறது. அப்படியானால், குறுகிய கடைக்குள் 4 மணி நேரம் நெருங்கி நிற்பதைவிடத் திறந்த தெருவில் 12 மணி நேரம் பரவலாக வாங்குவதே பாதுகாப்பானது.

இந்நகருக்கு இது புதிய பாடமும் அல்ல. 1898-ல் பிளேக் நோய் பெங்களூருவைத் தாக்கியபோது நெரிசலான பழைய பேட்டைப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதன் பின்னரே அகன்ற சாலைகளைக் கொண்ட மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய புறநகர்ப் பகுதிகள் வேகமாக வளர்ந்தன. அக்காலகட்டத்தில் பிறந்த 1897-ம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் 2020-லும் பல மாநிலங்களில் பயன்படுத்தப்பட்டது. நெரிசலைக் குறைக்க இடத்தை விரிவாக்க வேண்டும் என்ற அன்றைய புரிதல்தான் சட்டத்தைவிடப் பயனுள்ளதாக இருந்தது.

எல்லையின் இருபுறமும்

தமிழகத்தில் 2021 மே 24 முதல் ஒரு வாரத்துக்குத் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மளிகை, காய்கறிக் கடைகள் அனைத்தும் மூடப்பட்டு, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் வாகனங்கள் மூலம் காய்கறி, பழங்களை விற்பனை செய்தன. இதனால் அத்திப்பள்ளியில் காலையில் கடைகள் திறந்திருக்க, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் கடைகள் முழுமையாக அடைக்கப்பட்டிருந்தன.

தமிழக அரசின் நடைமுறையிலும் குறை இருந்தது. ஊரடங்குக்கு முந்தைய இரு நாட்களில் இரவு 9 மணி வரை கடைகளைத் திறக்க அனுமதித்ததால், கடைத்தெருக்களிலும் பேருந்து நிலையங்களிலும் பெருங்கூட்டம் சேர்ந்தது. காய்கறி விலையும் உயர்ந்தது. அதேநேரத்தில், அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கான 2,000 ரூபாய் முதல் தவணை மே 15-ம் தேதி முதல் நியாய விலைக் கடைகளில் வழங்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வீடுகளுக்கே சென்று கொடுக்கப்பட்டன. கடை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 200 பேர் என வரம்பு வைக்கப்பட்டது. எப்போது சென்றாலும் தமக்குரியது கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் முண்டியடிக்க வேண்டிய தேவை குறையும் என்பதே இதன் அடிப்படை.

என்ன செய்திருக்கலாம்?

கடை நேரத்தை நீட்டித்தால் அதைச் சாக்காக வைத்து மக்கள் நாள் முழுவதும் சுற்றுவார்கள் என்ற வாதம் அதிகாரிகளிடம் இருந்தது. பல வாரங்களாக ஓய்வின்றிப் பணியாற்றிய காவலர்களால் 12 மணி நேரமும் ஒவ்வொரு தெருவையும் கண்காணிக்க இயலவில்லை என்பதும் உண்மை. ஆனால், நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டும் வரிசையைக் குறைக்க வழிகள் இருந்தன. தள்ளுவண்டிகளில் காய்கறியுடன் அரிசி, பருப்பு, எண்ணெய்யையும் விற்க அனுமதித்திருக்கலாம். வார்டு அளவில் தெருவாரியாக நாள் ஒதுக்கி டோக்கன் கொடுத்திருக்கலாம். உள்ளே நெருக்கடி உள்ள கடைகள் அருகிலுள்ள பள்ளி மைதானங்களில் விற்பனை செய்ய ஏற்பாடு செய்திருக்கலாம்.

புதிய விதி எதுவானாலும் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு கன்னடம், ஆங்கிலத்துடன் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய மொழிகளிலும் ஒலிபெருக்கி மூலம் தெரிவிப்பது பெரிய செலவல்ல. என்ன செய்யக் கூடாது என்பதோடு, எங்கே, எப்போது, எப்படி வாங்கலாம் என்பதையும் அந்த அறிவிப்பு சொல்ல வேண்டும். அறிவித்த நிவாரணத்தை ஜூன் 7-ம் தேதிக்கு முன்பே கணக்கில் சேர்ப்பது இவை அனைத்தையும்விட முதன்மையானதாக இருந்தது.

குடிமக்களுக்கும் கடமை உண்டு. வசதியுள்ளவர்கள் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கடைக்குச் சென்றால், தினமும் செல்வதைத் தவிர வேறு வழியில்லாதவருக்கு வரிசையில் இடம் கிடைக்கும். முகக்கவசம் இல்லாதவரிடம் மாநகராட்சி மார்ஷல்கள் 250 ரூபாய் அபராதம் வசூலித்ததைப் பற்றி எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. ஆனால், கால் லிட்டர் எண்ணெய்க்காக வரிசையில் நின்றவரைத் தடியால் கலைத்தால் அவர் நாளையும் அதே வரிசைக்கு வந்தாக வேண்டும். அவர் வீட்டில் எண்ணெய் தீர்ந்திருக்கும்.